பதினைந்து டாலருக்கு விற்ற பெயர்

நியூயார்க்கின் பெல்வ்யூ மருத்துவமனை 1864 ஜனவரியில் எழுதிக் கொடுத்த ஒரு சிறு ரசீது இருக்கிறது. பதினோராம் வார்டு, இறந்த தேதி ஜனவரி 13. நோயாளி விட்டுச் சென்ற பொருட்கள்: கோட்டு, கால்சட்டை, உள்கோட்டு, தொப்பி, காலணி, மேல்கோட்டு. பெயர் ‘ஸ்டீபன் ஃபார்ஸ்டர்’ என்று எழுதப்பட்டிருக்கிறது. ஓர் எழுத்து கூடுதல். இறந்தவர் ஸ்டீபன் காலின்ஸ் ஃபாஸ்டர். ‘ஓ! சுசானா’வையும் ‘ஓல்டு ஃபோக்ஸ் அட் ஹோம்’ பாடலையும் எழுதி மெட்டமைத்தவர். அமெரிக்காவில் பாட்டு எழுதுவதையே பிழைப்பாக வைத்து வாழ முயன்ற முதல் மனிதர்களில் ஒருவர். வயது 37. அவருடைய சிறு தோல் பணப்பையில் 35 சென்ட் மதிப்புள்ள போர்க்காலக் காகிதச் சில்லறையும் மூன்று செப்புக் காசுகளும் இருந்தன. மொத்தம் 38 சென்ட்.

நாடு முழுவதும் பாடிய பாடல்களை எழுதியவர் கையில் 38 சென்ட்டோடு ஏன் செத்தார்? இந்தக் கேள்விக்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில் குடி. அவர் குடித்தார், கடைசி ஆண்டுகளில் மிகவும் குடித்தார். ஆனால் அவருடைய கணக்குகளையும் கடிதங்களையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் குடி கடைசி அத்தியாயத்தில்தான் பெரிதாக வருகிறது. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அவர் இரண்டு பொருட்களை விலைக்குக் கொடுத்திருந்தார். ஒன்று அவருடைய பெயர், மற்றொன்று அவருடைய நாளைய வருமானம். இரண்டையும் அவர் ஏன் விற்றார், அன்றைய சட்டமும் வியாபாரமும் அவரை எப்படி விற்க வைத்தன என்பதே இந்த ஆய்வின் பொருள்.

பிறப்பும் பேரேடும்

1826 ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவு நாள். முன்னாள் குடியரசுத் தலைவர்கள் ஜான் ஆடம்சும் தாமஸ் ஜெஃபர்சனும் ஒரே நாளில் இறந்ததும் அன்றுதான். அதே நாளில் பென்சில்வேனியாவில் பிட்ஸ்பர்க்கை ஒட்டிய லாரன்ஸ்வில்லில் ஃபாஸ்டர் பிறந்தார். தந்தை வில்லியம் வியாபாரத்திலும் அரசியலிலும் கால் வைத்தவர், எதிலும் நிலைக்காதவர். குடும்பத்தின் வீடு ஸ்டீபன் சிறு குழந்தையாக இருக்கும்போதே கடனில் போய்விட்டது. அதன் பிறகு அந்தக் குடும்பம் கௌரவத்தைக் காப்பாற்றிக்கொண்டு கடனில் வாழ்ந்தது என்றே சொல்ல வேண்டும். இந்தப் பழக்கம் மகனிடமும் ஒட்டிக்கொண்டது.

படிப்பு ஏறவில்லை. 1841-ல் கேனன்ஸ்பர்க்கில் ஒரு கல்லூரியில் சேர்த்தார்கள். ஒரே வாரத்தில் திரும்பி வந்துவிட்டார். இசையில் மட்டும் பிடிவாதம் இருந்தது. பிட்ஸ்பர்க்கில் இசைக்கருவிக் கடை வைத்திருந்த, ஜெர்மனியில் பிறந்த ஹென்றி கிளேபரிடமிருந்து ஐரோப்பிய இசையின் ஒழுங்கைப் பழகிக்கொண்டார். 1844-ல் பதினெட்டு வயதில் முதல் பாடல் பிலடெல்பியாவில் இசைக்குறிப்புத் தாளாக அச்சானது. சொற்கள் வேறொருவருடையவை, மெட்டு ஃபாஸ்டருடையது. அட்டையில் ‘எல். சி. ஃபாஸ்டர்’ என்று அச்சிட்டிருந்தார்கள். முதல் பாடலிலேயே பெயர் தவறு.

1846-ல் சின்சினாட்டிக்குப் போய், அண்ணன் டன்னிங் பங்குதாரராக இருந்த நீராவிப் படகு நிறுவனத்தில் கணக்கெழுதும் வேலையில் அமர்ந்தார். ஒஹையோ ஆற்றங்கரையில் படகுகள் நாள் முழுவதும் வந்து போகும். சரக்கேற்றும் கறுப்பினத் தொழிலாளர்களின் பாட்டு, அயர்லாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்து குடியேறியவர்களின் பாட்டு என எல்லாம் காதில் விழும் இடம் அது. பகலில் பேரேடு, இரவில் பாட்டு. வரவு செலவு எழுதத் தெரியாத கலைஞன் ஏமாந்தான் என்று இவர் கதையை யாரும் சொல்ல முடியாது. கணக்கு எழுதுவதுதான் அவருடைய முதல் தொழில்.

ஐஸ்கிரீம் கடையும் பாரிஸ் உணவகமும்

1847 செப்டம்பர் 11 அன்று பிட்ஸ்பர்க்கில் ‘ஈகிள்’ என்ற ஐஸ்கிரீம் கடையின் மேடையில் ‘ஓ! சுசானா’ முதன்முதலாகப் பாடப்பட்டது. ஊர் ஊராகப் போன நாடகக் குழுக்கள் அதைக் காதால் கேட்டே எடுத்துக்கொண்டன. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் நியூயார்க்கில் ஒருவர் அதை அச்சிட்டுத் தம் பெயரில் பதிவு செய்துகொண்டார். பிறகு ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். மூன்று ஆண்டுகளுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட பதிப்புகள் வந்துவிட்டன. கலிஃபோர்னியாவில் தங்கம் கிடைக்கிறது என்று ஓடிய கூட்டம் இந்தப் பாட்டைப் பாடிக்கொண்டே போனது. பதிப்பாளர்கள் ஆயிரக்கணக்கில் சம்பாதித்தார்கள். ஃபாஸ்டருக்குக் கிடைத்தது 100 டாலர்.

அன்றைய அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் 1831-ல் வந்தது. இசைப் படைப்பையும் அது பாதுகாத்தது, ஆனால் அச்சிட்ட தாளை மட்டும்தான். பாடலின் தலைப்பை மாவட்ட நீதிமன்றத்தில் முதலில் யார் பதிவு செய்கிறாரோ அவருக்கே உரிமை. கையெழுத்துப் பிரதியைப் பாடகர்களிடம் அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டுப் பதிவு செய்யாமல் இருந்தால் அது ஊர்ச் சொத்துதான். மேடையில் எத்தனை ஆயிரம் பேர் டிக்கெட் வாங்கிக் கேட்டாலும் எழுதியவருக்கு ஒரு காசு தர வேண்டும் என்ற விதி இல்லை. அந்த உரிமை அமெரிக்கச் சட்டத்தில் 1897-ல்தான் வந்தது.

அதே 1847-ல் பாரிஸில் நடந்ததை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். எர்னெஸ்ட் பூர்ஷே என்ற இசையமைப்பாளர் ஓர் உணவகத்தில் அமர்ந்து குடித்துக்கொண்டிருந்தார். மேடையில் அவருடைய இசையையே வாசித்தார்கள். எழுந்தார், குடித்ததற்குக் காசு தர மறுத்தார். என் இசைக்கு நீங்கள் தரவில்லை, உங்கள் பானத்துக்கு நானும் தரமாட்டேன் என்பது அவர் வாதம். வழக்கு நீதிமன்றம் போனது, அவர் பக்கம் தீர்ப்பானது. அதன் தொடர்ச்சியாக 1851-ல் பிரான்சில் படைப்பாளிகளுக்காக இசைக் கட்டணம் வசூலிக்கும் சங்கம் பிறந்தது. ஒரே ஆண்டில் இரண்டு ஊர்களில் இரண்டு கடைகள். பாரிஸ்காரருக்கு நீதிமன்றம் இருந்தது. பிட்ஸ்பர்க்கில் வழக்குப் போடச் சட்டமே இல்லை. ஃபாஸ்டரின் திறமையையோ குணத்தையோ பற்றிப் பேசுவதற்கு முன் இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

இருந்தாலும் அந்த நூறு டாலர் அவருக்கு ஒரு தைரியத்தைக் கொடுத்தது. 1849-ல் நியூயார்க்கின் ஃபிர்த், பாண்ட் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தார். விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் 2 சென்ட் ராயல்டி. பாட்டைக் கட்டாக ஒரு தொகைக்கு விற்றுவிட்டுப் போவதே வழக்கமாக இருந்த காலத்தில் இது பெரிய காரியம். கணக்கர் வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பினார். 1850 ஜூலையில் ஜேன் மெக்டவலை மணந்தார். அடுத்த ஆண்டு மகள் மேரியன் பிறந்தாள்.

வெட்கம்

இனி வருவதுதான் இந்த வாழ்க்கையின் மையம்.

அன்று மெட்டு விற்க வேண்டுமானால் மின்ஸ்ட்ரல் மேடை வேண்டும். வெள்ளையர்கள் எரித்த தக்கையின் கரியை முகத்தில் பூசிக்கொண்டு, கறுப்பின மக்களைப் போல் கொச்சையாகப் பேசி, அவர்களைக் கோமாளிகளாக்கிச் சிரிக்க வைத்த மேடை அது. நாட்டில் லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் அடிமைகளாக விற்கப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில் இது நடந்தது. ‘ஓ! சுசானா’வின் மூல வடிவில், இன்று எந்தக் குழந்தைக்கும் சொல்லித்தர முடியாத ஒரு சரணம் இருக்கிறது. கறுப்பின மக்கள் கூட்டமாகச் சாவதை அது வேடிக்கையாகப் பாடுகிறது. ஃபாஸ்டர் எழுதியதுதான். அதை மறைத்துவிட்டு அவரைப் பாராட்டுவது நேர்மை ஆகாது.

அதே கையிலிருந்துதான் 1849-ல் ‘நெல்லி வாஸ் எ லேடி’ வந்தது. இறந்துபோன மனைவிக்காக ஒரு கறுப்பினத் தொழிலாளி அழும் பாட்டு. மின்ஸ்ட்ரல் மேடை இழிவுபடுத்திச் சிரித்த ஒருத்தியை, வெள்ளைச் சீமாட்டிகளுக்கு மட்டும் உரியதாக இருந்த சொல்லால் அது அழைத்தது. ‘மை ஓல்டு கென்டக்கி ஹோம்’ 1853-ல் வெளியானது. அதன் முதல் வரைவு, அடிமை முறைக்கு எதிராக அப்போது நாட்டையே உலுக்கிய ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ நாவலின் நாயகனுக்கு விடை சொல்லும் பாட்டாக இருந்தது. குடும்பத்தைப் பிரித்துத் தெற்கே விற்கப்படும் ஒருவனின் துயரம் அச்சான பாட்டிலும் இருக்கிறது. அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்து பேச்சாளராக உயர்ந்த ஃபிரெடெரிக் டக்ளஸ் 1855-ல் இந்தப் பாட்டைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். அடிமைகள்மேல் இரக்கத்தை எழுப்பும் பாட்டுகள் இவை என்றார்.

இந்த மேடையைப் பற்றி ஃபாஸ்டருக்கே வெட்கம் இருந்தது. நடுத்தர வர்க்கத்து வீடுகளின் பியானோ அறையில் மதிக்கப்படும் பாட்டாளராக வேண்டும் என்பது ஆசை. கரி பூசிய மேடையோடு பெயர் சேர்ந்தால் அந்தக் கதவு மூடிவிடும் என்று பயந்தார். ஆகவே 1851-ல் ‘ஓல்டு ஃபோக்ஸ் அட் ஹோம்’ எழுதியபோது, நாட்டின் மிகப் பெரிய மின்ஸ்ட்ரல் குழுவின் தலைவர் இ. பி. கிறிஸ்டியோடு ஒரு பேரம் பேசினார். முதலில் பாடும் உரிமை கிறிஸ்டிக்கு. அட்டையில் எழுதியவர், இசையமைத்தவர் என்றும் கிறிஸ்டியின் பெயர். விலை 15 டாலர். ராயல்டியை மட்டும் ஃபாஸ்டர் தம்மிடம் வைத்துக்கொண்டார்.

இந்தப் பாட்டு எப்படி உருவானது என்பதை அவருடைய குறிப்பேட்டில் நேரடியாகப் பார்க்கலாம். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் அந்த ஏடு பாதுகாக்கப்படுகிறது. முதல் அடியில் அவர் எழுதியிருந்தது பீடீ என்ற ஆறு. தென் கரோலினாவில் ஓடுவது. எழுதி, அடித்திருக்கிறார். அண்ணன் மாரிசன் பின்னாளில் சொன்னபடி, இரண்டு அசையில் ஒரு தெற்கத்திய ஆறு வேண்டுமென்று நிலப்படத்தைப் புரட்டினார்கள். ஃபுளோரிடாவில் சுவானீ என்ற ஆறு அகப்பட்டது. மெட்டுக்குப் பொருந்த அதை ‘ஸ்வானீ’ என்று சுருக்கினார். அந்த ஆற்றை அவர் கடைசிவரை பார்த்ததில்லை. ஆழ்ந்த தெற்குக்கு அவர் போனதே ஒரு முறைதான். 1852-ல் மனைவியோடும் நண்பர்களோடும் அண்ணனின் படகில் நியூ ஆர்லியன்ஸ் வரை போய்வந்தார். பாட்டு அதற்கு முந்தைய ஆண்டே அச்சாகிவிட்டது. ஓர் அசைக்காக நிலப்படத்தில் விரல் வைத்துத் தேடியவரை, உள்ளத்தில் ஊற்றெடுத்துப் பாடிய பாமரர் என்று சொல்லும் வழக்கத்தை நான் ஏற்கவில்லை. அவர் அடித்துத் திருத்தி எழுதிய தொழில்காரர்.

பாட்டு எதிர்பாராத அளவுக்கு ஓடியது. அச்சு இயந்திரங்களை நிறுத்தாமல் ஓட்டியும் தேவைக்குப் போதவில்லை என்று பதிப்பாளர்கள் விளம்பரம் செய்தார்கள். எங்கு பார்த்தாலும் அந்தப் பாட்டு, அட்டையில் கிறிஸ்டியின் பெயர். 1852 மே 25 அன்று ஃபாஸ்டர் கிறிஸ்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்த வகைப் பாட்டுகள்மேல் சிலருக்கு இருக்கும் வெறுப்பு மற்றப் பாட்டுகளைக் கெடுக்கும் என்று அஞ்சித்தான் பெயரை மறைத்தேன். இப்போது, பயமோ வெட்கமோ இல்லாமல் இந்தத் தொழிலைத் தொடரவும் என் பெயரை மீண்டும் போட்டுக்கொள்ளவும் முடிவு செய்திருக்கிறேன். எழுதுவதற்குரிய பெயர் கிடைக்காவிட்டால் என்னால் எழுதவே முடியவில்லை என்பது அதன் சாரம். கிறிஸ்டி மறுத்துவிட்டார். அந்தக் கடிதத்தின் பின்புறத்தில், ஊசலாடும் ஈனன் என்ற பொருளில் ஃபாஸ்டரைத் திட்டி எழுதியும் வைத்தார்.

எனக்கு இந்தக் கடிதத்தைத் தாண்டிப் போக மனம் வருவதில்லை. இருபத்தைந்து வயது இளைஞர், தாம் விற்றது என்ன என்பதை விற்ற பிறகு புரிந்துகொண்டு, திருப்பித் தரும்படி கேட்கிறார். பணம் கேட்கவில்லை. ராயல்டி ஏற்கெனவே வந்துகொண்டிருந்தது. கேட்டது பெயரை.

ஒரு கணக்கரின் கணக்கு

1857 ஜனவரியில் ஃபாஸ்டர் தம் கையால் ஒரு பட்டியல் எழுதினார். ஒவ்வொரு பாட்டும் அதுவரை ஈட்டியது ஒரு பக்கம், இனி ஈட்டக்கூடியது என்று அவர் மதிப்பிட்டது மறுபக்கம். ‘ஓல்டு ஃபோக்ஸ் அட் ஹோம்’ 1,647 டாலர் 46 சென்ட். ‘மை ஓல்டு கென்டக்கி ஹோம்’ 1,372 டாலர் 6 சென்ட். ‘ஓல்டு டாக் ட்ரே’ 1,080 டாலர் 25 சென்ட். மனைவியை நினைத்து எழுதியதாகச் சொல்லப்படும், இன்று உலகம் அறிந்த ‘ஜீனி வித் த லைட் பிரவுன் ஹேர்’ 217 டாலர் 80 சென்ட். சென்ட் விடாமல் எழுதியிருக்கிறார். ஃபிர்த், பாண்ட் நிறுவனத்திடமிருந்து ஏழெட்டு ஆண்டுகளில் வந்தது 9,400 டாலருக்குச் சற்று மேல்.

பிரதிக்கு 2 சென்ட் என்றே வைத்துக்கொண்டால், அந்த 1,647 டாலருக்குப் பின்னால் 82,000 பிரதிகள் நிற்கின்றன. ஒரு பாட்டின் தாள் கடையில் 25 சென்ட்டுக்கு விற்றது. வாங்கியவர் கொடுத்ததில் பன்னிரண்டில் ஒரு பங்குகூட எழுதியவருக்கு வரவில்லை. மேடைகளில் வசூலானதில் எதுவுமே இல்லை.

ஆனாலும் இதைப் பஞ்சம் என்று சொல்ல முடியாது. கூலித் தொழிலாளிக்கு நாளுக்கு ஒரு டாலர் கிடைத்த காலத்தில் ஃபாஸ்டரின் ஆண்டு வருமானம் சராசரியாக ஆயிரம் டாலருக்கு மேல். வந்ததைவிட அதிகமாகச் செலவு செய்தார் என்பதும் உண்மை. அண்ணன்மாரிடம் கடன், பதிப்பாளரிடம் முன்பணம், வீட்டு வாடகை பாக்கி. மனைவியோடு பிரிவதும் சேர்வதுமாக இருந்தார். 1855-ல் தாயும் தந்தையும் ஆறு மாத இடைவெளியில் இறந்தார்கள். அடுத்த ஆண்டு டன்னிங்கும் இறந்தார். எழுத்து ஏறக்குறைய நின்றுவிட்டது.

அந்தப் பட்டியல் எதற்காக எழுதப்பட்டது என்பதில்தான் துயரம் இருக்கிறது. பாட்டுகளின் நாளைய வருமானத்தை விற்பதற்காக எழுதிய விலைப்பட்டியல் அது. சுமார் 2,800 டாலர் தேறும் என்று அவரே மதிப்பிட்டார். சுமார் 1,900 டாலருக்குக் கொடுத்துவிட்டார். மூன்று ஆண்டுகள் கழித்து, புதிதாகச் சேர்ந்த பாட்டுகளையும் அப்படியே 1,600 டாலருக்கு விற்றார். அதில் பதிப்பாளருக்கு ஏற்கெனவே தர வேண்டியிருந்த முன்பணம் போகக் கைக்கு வந்தது சுமார் 200 டாலர்.

விதைநெல்லை விற்றுச் சாப்பிட்ட கதை இது. நூற்றறுபது ஆண்டுகள் கழித்தும் பாடப்படும் பாட்டுகள் இவை என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. வேடிக்கைப் பாட்டுக்கு ஆயுள் இரண்டு மூன்று ஆண்டு என்பதே அன்றைய வியாபாரக் கணக்கு. அந்தக் கணக்கின்படி அவர் செய்தது முட்டாள்தனம்கூட இல்லை.

பவரி தெரு

1860-ல் நியூயார்க்கில் குடியேறினார். மனைவி சில காலத்தில் மகளோடு பென்சில்வேனியா திரும்பி, ரயில்வேயில் தந்தி இயக்குபவராக வேலை பார்த்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். உள்நாட்டுப் போர் மூண்டிருந்தது. ஃபாஸ்டர் ஜார்ஜ் கூப்பர் என்ற இளம் கவிஞரோடு சேர்ந்து பாட்டுகளை வேகமாகத் தயாரித்தார். 1863-ல் மட்டும் நாற்பதுக்கும் மேல். ஒரு பாட்டைப் பல மாதம் அடித்துத் திருத்தியவர், இப்போது காலையில் எழுதி மாலைக்குள் கிடைத்த விலைக்குக் கொடுத்தார். ராயல்டி என்ற பேச்சு போய்விட்டது. அந்தப் பாட்டுகளில் பெரும்பாலானவை நிற்கவில்லை. ஆனால் ‘பியூட்டிஃபுல் டிரீமர்’ இந்த ஆண்டுகளில் எழுதியதுதான். அதன் மெல்லிசையைக் கேட்கும்போது, எழுதியவர் அப்போது பவரி தெருவில் ஒரு மலிவு விடுதியில் தங்கியவர் என்பதை நம்ப முடிவதில்லை.

1864 ஜனவரி 10 அன்று அந்த விடுதி அறையில், காய்ச்சலில் தளர்ந்திருந்தவர் விழுந்தார். முகம் கழுவும் பீங்கான் தொட்டி உடைந்து கழுத்தில் ஆழமாக வெட்டியது. கூப்பர் ஓடி வந்து மருத்துவமனையில் சேர்த்தார். மூன்றாம் நாள் உயிர் பிரிந்தது. பணப்பையில் அந்தச் சில்லறையோடு ஒரு துண்டுக் காகிதமும் இருந்தது. அதில் பென்சிலால் எழுதிய ஒரே வரி: அன்பு நண்பர்களே, மென்மையான உள்ளங்களே. ஒரு பாட்டின் தொடக்கமாக இருக்கலாம்.

பின்னர்

‘பியூட்டிஃபுல் டிரீமர்’ சில வாரங்களில் அச்சில் வந்தது. மரணத்துக்குச் சில நாள் முன்பு எழுதிய கடைசிப் பாட்டு என்று விளம்பரம் செய்தார்கள். அது உண்மையில்லை. பாட்டு ஓரிரு ஆண்டுகள் முன்பே எழுதி முடிந்திருந்தது.

1941-ல் அமெரிக்க வானொலி நிலையங்களுக்கும் பாட்டெழுத்தாளர் சங்கத்துக்கும் கட்டணத் தகராறு முற்றியது. சங்க உறுப்பினர்களின் பாட்டுகளை ஒலிபரப்ப முடியாமல் போனதால், யாருக்கும் காசு தர வேண்டியிராத பழைய பாட்டுகளை நிலையங்கள் தேடின. ‘ஜீனி’ மாதக்கணக்கில் காலையும் மாலையும் ஒலித்தது. தம் வாழ்நாளில் இல்லாத ஓர் உரிமைக்காக நடந்த சண்டையில், ஃபாஸ்டரின் பாட்டு எதிர்த் தரப்புக்கு இலவசமாகப் பயன்பட்டது.

கென்டக்கியும் ஃபுளோரிடாவும் அவர் பாட்டுகளை மாநிலப் பாடல்களாக ஏற்றன. கறுப்பின மக்களை இழிவாகக் குறிக்கும் சொல்லைக் கென்டக்கி 1986-ல் நீக்கியது, ஃபுளோரிடா 2008-ல் திருத்தியது. பிட்ஸ்பர்க்கில் 1900-ல் அவருக்கு எழுப்பிய வெண்கலச் சிலையில், உயரத்தில் அமர்ந்து அவர் எழுத, காலடியில் கந்தல் உடையோடு ஒரு கறுப்பின மனிதர் பான்ஜோ வாசிப்பார். 2018 ஏப்ரலில் நகராட்சி அதை அகற்றியது. சரியான முடிவு என்றே கருதுகிறேன். பாட்டுகளைக் கேட்பதற்கு அந்தச் சிலை தேவையில்லை. அந்த இசை யாரிடமிருந்து வந்ததோ அவர்களைக் காலடியில் உட்கார வைத்துப் பார்க்க வேண்டிய கட்டாயம் எந்த ஊருக்கும் இல்லை.

அன்றைய சட்டப்படி பதிப்புரிமையின் ஆயுள் 28 ஆண்டுகள், அதன் பிறகு குடும்பத்தார் ஒரு முறை புதுப்பிக்கலாம். ‘ஓல்டு ஃபோக்ஸ் அட் ஹோம்’ 1879-ல் அந்தக் கெடுவை எட்டியது. கிறிஸ்டி இறந்து பதினேழு ஆண்டுகள், ஃபாஸ்டர் இறந்து பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. ஜேனும் மேரியனும் உரிமையைத் தங்கள் பெயருக்குப் புதுப்பித்தார்கள். அதற்குப் பிறகு அச்சான தாளில்தான் எழுதியவர் பெயர் முதன்முதலாக ஸ்டீபன் சி. ஃபாஸ்டர் என்று வந்தது.